ரெண்டு வேளைத் தூரம்

அத்தையின் பேரைச் சொல்ல மாட்டேன். சொன்னால் சண்டைக்கு வருவாள். போன மழைக்கு முந்தின மழையில் அவள் போய்ச் சேர்ந்துவிட்டாள் என்பதை நம்பியெல்லாம் நான் தைரியமாக இருந்துவிட முடியாது. உயிரோடு இருந்தபோது ஒரு பெட்டியை உருட்டிக்கொண்டு உல்லாஸ்நகர் வரைக்கும் சண்டைக்குப் போனவள். இப்போது இருக்கிற இடத்திலிருந்து நான் குடியிருக்கிற செம்பூருக்கு வருவது அவளுக்கு ஒரு தூரமா?

அத்தை என்கிறேனே தவிர, எனக்கு அவள் எந்த முறையும் இல்லை. பம்பாயில், தாராவியில், ஒட்டி ஒட்டி வரிசை வீடுகள் இருந்த எங்கள் சாலில் எங்கள் கதவுக்கு அடுத்த கதவு அவளுடையது. நடுவே ஒரு தகரத் தட்டி. இங்கே மிளகாய் வறுத்தால் அங்கே தும்முவார்கள். எங்களைப் போலவே திருநெல்வேலிப் பக்கம். நைன்ட்டி ஃபீட் ரோட்டில் அவளுக்கு ஒரு பெட்டி ரிப்பேர் கடை இருந்தது. ஒரு ஷட்டர், ஒரு தையல் மெஷின், உடைந்த சக்கரங்கள் போட்டு வைத்த பெயின்ட் டப்பாக்கள், கூரை வரைக்கும் சூட்கேஸ்கள். அவ்வளவுதான் கடை. புருஷன் ஆரம்பித்தது. அவர் மாரடைப்பில் போனதும், கடையை யாருக்குக் கைமாற்றி விடலாம் என்று ஆளாளுக்குப் பேசிக்கொண்டிருந்தார்கள். காரியம் முடிந்த மறுநாள் காலையில் அத்தை போய் ஷட்டரைத் தூக்கிவிட்டாள். "பொம்பள பெட்டி தைப்பாளா?" என்று கேட்ட எதிர்க்கடைக்காரரிடம், "பொம்பளதான பெட்டி கட்டுதா? அப்ப தைக்கவும் செய்வா" என்றாள். அதற்குப் பிறகு அந்தப் பேச்சு வரவில்லை.

ஜிப்புக்கு ரன்னர் மாற்ற, சக்கரம் மாட்ட, கிழிந்த லைனிங் தைக்க என்று அவளிடம் வருகிறவர்கள் எல்லாரும் எங்கேயோ கிளம்புகிறவர்கள். மஸ்கட், டர்பன், ஜெட்டா, கோலாலம்பூர். எல்லாரிடமும் அவளுக்கு ஒரே கேள்விதான். "எங்க போற? எவ்வளவு நேரம்?" எவ்வளவு தூரம் என்று அவள் கேட்டு நான் கேட்டதே இல்லை. அந்தச் சொல் அவளுக்கு ஆகாது. யாராவது ஒருத்தர், வரலாம்னுதான் பார்த்தேன், தூரமா இருக்கு என்று இழுத்தால் போதும், முகம் சிவந்துவிடும்.

"தூரம்னு சொல்லுதவன் வர இஷ்டமில்லாதவன். இஷ்டமில்லன்னு சொல்லிட்டுப் போவேன். ரோட்டு மேல எதுக்குப் பழியப் போடுத?"

உல்லாஸ்நகர் கதை இப்படித்தான் வந்தது. அங்கே ஜவுளிக் கடை வைத்திருந்த ஒருவர் பெரிய சூட்கேஸ் ஒன்றைச் சக்கரம் மாற்றக் கொடுத்துவிட்டுப் போனார். வாரங்கள் ஓடின, ஆள் வரவில்லை. கடையில் கால் வைக்க இடமில்லாமல் அந்தப் பெட்டி குறுக்கே நின்றது. அத்தை போன் போட்டாள். அவர், "அரே மௌசி, பஹுத் தூர் படுதா ஹை" என்று இந்தியில் கொஞ்சினார். ரொம்பத் தூரமாம், அடுத்த வாரம் வருவாராம். அத்தை போனை வைத்தாள். புடவையை இழுத்துச் செருகினாள். அந்தப் பெட்டியை உருட்டிக்கொண்டு சயான் ஸ்டேஷனில் ஸ்லோ ட்ரெய்ன் ஏறி, கல்யாணுக்கு அந்தப் பக்கம் போய் இறங்கி, விசாரித்து விசாரித்து அவர் கடைக்கே போய்விட்டாள். வாடிக்கையாளர்களுக்கு நடுவே பெட்டியை நிறுத்தி, "தூர் கிதர் ஹை? திகாவ்!" என்றாள். எங்கே இருக்கிறது உன் தூரம், காட்டு பார்ப்போம் என்று. அந்த மனிதர் வெலவெலத்துப் போய் நாற்காலி போட்டு, டீ வரவழைத்து, கையைக் கட்டிக்கொண்டு நின்றாராம். டீயைக் குடித்துவிட்டு, பெட்டியின் புதுச் சக்கரத்தை ஒருமுறை உருட்டிக் காட்டிவிட்டு, அடுத்த ட்ரெய்னில் வந்துவிட்டாள். "சும்மா சொல்லக்கூடாது, டீ நல்லா இருந்துச்சு" என்றாள். அவ்வளவு ஆங்காரத்திலும் டீயைக் கவனித்திருக்கிறாள் பாருங்கள்.

தூரம் ஆகாதென்றால் பிறகு எதை வைத்து அளப்பாள்? சோற்றை வைத்து. இது அவள் மட்டும் செய்ததில்லை, எங்கள் சாலில் பலரும் செய்ததுதான். ஊருக்கு ரயில் ஏறுகிறபோது எத்தனை வேளைக்குச் சோறு கட்ட வேண்டும் என்பதுதான் எங்களுக்குக் கணக்கு. முதல் வேளைக்கு எண்ணெயும் பொடியும் தடவின இட்லி, அடுத்த வேளைக்குத் தயிர்சாதம், கடைசி வரைக்கும் தாங்குகிற மாதிரி புளிச்சோறு. புனே ஒரு வேளை. திருநெல்வேலி அஞ்சு வேளை. மற்றவர்கள் ரயிலோடு இந்தக் கணக்கை விட்டுவிட்டார்கள். அத்தை விமானத்துக்கும் இதையே போட்டாள். துபாய் ஒரு வேளைகூட இல்லை, லண்டன் ரெண்டு வேளை.

நான் அப்போது மாட்டுங்காவில் ஒரு டிராவல் ஆபீசில் டிக்கெட் போடுகிற வேலையில் இருந்தேன். ஜன்னல் சீட்டுக்குச் சண்டை போடுகிற மாமாக்களுக்கும், சக்கர நாற்காலிக்குச் சொல்லி வைத்தாயா என்று பத்து தடவை கேட்கிற மாமிகளுக்கும் நடுவே அத்தையிடமிருந்து போன் வரும். "ஏட்டி, டர்பனுக்கு எவ்வளவு நேரம் போட்டிருக்கு? இங்க ஒருத்தன் ரெண்டு நாளாவும்னு கத விடுதான்." நான் பார்த்துச் சொல்வேன். பின்னாலேயே அவள் அந்த ஆளை ஏசுகிற சத்தம் கேட்கும்.

அவள் மகளுக்குக் கல்யாணம் பேசியது அவளுடைய அண்ணன். திலக் நகரில் சொந்த ஃப்ளாட், கார், சங்கத்தில் பதவி என்று இருக்கிறவர். அவருக்குத் தெரிந்தவரின் மகன் நியூசிலாந்தில், ஆக்லாந்தில் வேலையாக இருந்தான். கல்யாண வீட்டில் அண்ணன் விடுகிற அளப்பு தாங்க முடியவில்லை. "பன்னெண்டாயிரம் கிலோமீட்டர்! நம்ம சனத்துல எவனும் இவ்வளவு தூரத்துல பொண்ணு குடுத்ததில்ல, கேட்டுக்கோ." ஏதோ ஒவ்வொரு கிலோமீட்டரையும் அவரே கையால் போட்டுக் கொடுத்த மாதிரி.

அத்தை என்னிடம் வந்து டிக்கெட்டைக் காட்டச் சொன்னாள். நடுவில் சிங்கப்பூரில் விமானம் மாற வேண்டும். போகிற டிக்கெட்டில் திங்கட்கிழமை ராத்திரி கிளம்பினால் புதன்கிழமை போய்ச் சேர்கிற மாதிரி இருந்தது. "சரி, வாரதுக்கு?" என்றாள். வருகிற நேரத்தையும் எடுத்துக் காட்டினேன். அங்கே ராத்திரி ஏறினால் மறுநாள் மத்தியானம் பம்பாய்.

அத்தை யோசித்தாள். "போறதுக்கு நாலு வேளை. வாரதுக்கு ரெண்டே வேளை. அப்ப, போறதுதான் நேரமாவும். வாரது பக்கம்."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "அத்தை, அப்பிடி இல்ல. அங்க சூரியன் முன்னாலயே உதிச்சிரும். அங்க உள்ள கடிகாரம் நம்ம கடிகாரத்த விட முன்னால ஓடுது. டிக்கெட்டுல அந்தந்த ஊர் மணியப் போட்டிருக்கான். போறதும் வாரதும் ஏறக்குறைய ஒண்ணுதான்."

"ராத்திரி ஏறுனா மத்தியானச் சோத்துக்கு இங்க இருப்பாளா, மாட்டாளா?"

"இருப்பா. ஆனா—"

"பின்ன என்ன ஆனா? கடிகாரம் எப்பிடியும் ஓடிட்டுப் போவுது. எனக்கு எம்பிள்ள எப்ப வந்து உக்காருவாங்கதுதான் கணக்கு." பேப்பரை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு போய்விட்டாள். அதற்குப் பிறகு எத்தனையோ தடவை விளக்கியிருக்கிறேன். தலையை ஆட்டுவாள். மறுநாள் கடைக்கு வருகிறவர்களிடம், "ஆக்லாந்துக்குப் போறதுதான் நேரம், வாரது பக்கம்" என்று சொல்லிக்கொண்டிருப்பாள்.

மகள் கிளம்பிய அன்று ஏர்போர்ட் வாசலில் அண்ணன் வீட்டுப் பெண்கள் எல்லாரும் மூக்கைச் சிந்திக்கொண்டிருந்தார்கள். அத்தை அழவில்லை. எல்லாரையும் ஒரு முறை முறைத்து, "திருநெல்வேலிக்குப் போறதுக்கு எவளாவது இப்பிடி அழுவாளா? இது அதவிடக் கம்மிதான்" என்றாள். மகள் கையில் வாழையிலையில் கட்டின நாலு வேளைச் சோறு இருந்தது. அவளும் அம்மா பெண்தான், சிரித்துக்கொண்டே போனாள்.

ஆக்லாந்தில் மிச்சமிருந்த சோற்றைச் சோதனையில் வாங்கிக் குப்பையில் போட்டுவிட்டார்கள். அந்த நாட்டில் வெளியிலிருந்து சாப்பாட்டுச் சாமான் கொண்டுவர ஆயிரம் சட்டம். அது பரவாயில்லை. ஆபீசர் மரியாதையாகத்தான் சொல்லியிருக்கிறார். ஆனால் வெளியே அழைத்துப் போக வந்திருந்த மாப்பிள்ளை, விஷயம் தெரிந்ததும், அத்தனை பேர் முன்னாலும், "இந்தத் தாராவிக் குப்பையெல்லாம் இங்க தூக்கிட்டு வருவியா?" என்று மகளின் தோளைப் பிடித்து நெட்டியிருக்கிறான். இதை அவள் அப்போது சொல்லவில்லை. நல்லபடியா வந்து சேர்ந்தேன்மா, சோறு நல்லா இருந்துச்சு என்றுதான் சொன்னாள்.

அதற்குப் பிறகு வந்த போனெல்லாம் ஸ்பீக்கரில்தான். பக்கத்தில் அவன் மூச்சு விடுகிற சத்தம் கேட்கும். "நல்லா இருக்கேன்மா. குளிரு. சாப்பிட்டேன். வைக்கேன்." இவ்வளவுதான். அத்தை போனை வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் மெஷினை மிதிக்காமல் உட்கார்ந்திருப்பாள். என்ன அத்தை என்றால், "ஒண்ணுமில்ல, நூல் அறுந்துட்டு" என்பாள். நூல் அப்படியேதான் இருக்கும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் கடையில் இருந்தபோது மகளிடமிருந்து போன். பின்னால் வாஷிங் மெஷின் ஓடுகிற சத்தம். அந்தச் சத்தத்துக்குள் ஒளிந்துகொண்டு பேசினாள்.

"அம்மா, அடிக்கான்மா."

அத்தை என்னைப் பார்த்தாள். ஸ்பீக்கரைப் போட்டாள். "எப்பமிருந்து?"

"வந்த மாசத்துல இருந்தே. எதுக்குன்னு இல்ல. உப்புக்கு ஒரு அடி, போன் பேசுனா ஒரு அடி. வெளிய போனா கதவப் பூட்டிட்டுப் போறான். போன வாரம் மண்டைய செவுத்துல..." அதற்கு மேல் வாஷிங் மெஷின்தான் கேட்டது.

அவனை இங்கே நைன்ட்டி ஃபீட் ரோட்டில் வைத்துப் பார்த்திருந்தால், நானே பக்கத்தில் கிடந்த இரும்புக் கைப்பிடியை எடுத்திருப்பேன். அத்தையின் குரல் ஆடவில்லை.

"கெளம்பி வா."

"எப்பிடிம்மா? பன்னெண்டாயிரம் கிலோமீட்டர்மா. மாமாதான் சொன்னாவல்லா. முடியாதும்மா. எவ்வளவு தூரம்..."

அந்தச் சொல்லைச் சொல்லிவிட்டாள். நான் அத்தையின் முகத்தைப் பார்த்தேன். அது சிவக்கவில்லை, வெளுத்தது.

"தூரமா? எவன் சொன்னான்? ஒன் மாமன் அளப்ப நம்புதியா, நான் சொல்லுதத நம்புதியா? நம்ம ஊருக்கு அஞ்சு வேளை. நீ இருக்க எடத்துலருந்து இங்க வர ரெண்டே வேளை. ராத்திரி ஏறுனா மறுநாள் மத்தியானம் எங்கூட உக்காந்து சாப்பிடுவ. ஊருல இருக்க எங்கம்மைய விட நீ எனக்குப் பக்கத்துல இருக்க தாயி. கொள்ளத் தூரத்துல தனியா கெடக்கோம்னு அவன்தான் ஒன்ன நெனைக்க வச்சிருக்கான். அந்த எண்ணத்தத் தூக்கி மொதல்ல குப்பையில போடு."

மகள் மெதுவாக, "நெசமாவே ரெண்டு வேளையாம்மா?" என்று கேட்டாள்.

அத்தை என்னைப் பார்த்தாள். உண்மையில் ஒரு நாளின் பெரும்பகுதி பறக்கவும் காத்திருக்கவும் வேண்டும் என்று எனக்குத் தெரியும். அதைச் சொல்லிச் சொல்லித்தானே அவளோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன். "ஆமா, ரெண்டு வேளைதான்" என்றேன். இன்றைக்குக் கேட்டாலும் அதையேதான் சொல்வேன்.

சாயங்காலம் அண்ணன் வந்துவிட்டார். கடையில் ஸ்பீக்கரில் ஓடிய பேச்சு யார் மூலமாகவோ அவர் காதுக்குப் போயிருந்தது. செருப்பைக் கழற்றாமலே உள்ளே வந்து கட்டிலில் உட்கார்ந்தார். தட்டிக்கு இந்தப் பக்கம் எங்கள் வீட்டில் எல்லாரும் சாப்பிடுவதை நிறுத்திவிட்டோம். ஒட்டுக் கேட்கத் தேவையே இல்லை.

"கொஞ்சம் அனுசரிச்சுப் போவச் சொல்லு. சின்ன வயசு, வேலைல டென்ஷன். ஒரு பிள்ள பெத்துட்டா எல்லாம் சரியாப் போவும். இவ்வளவு தூரத்துல கட்டிக் குடுத்துட்டு, தொட்டதுக்கெல்லாம் வா வான்னா எப்பிடி?"

"தொட்டதுக்கில்லண்ணே. அடிச்சதுக்கு."

"நாலு பேர் என்ன கேப்பாங்க? நான் சங்கத்துல தலை காட்டணுமா வேண்டாமா?"

"ஒங்க தலைய நீங்க காட்டுங்க. எம்பிள்ள தலையச் செவுத்துல முட்டுதான், அத நான் பாத்துக்கிடுதேன்."

"சரி, கூப்பிடு. வந்து இந்தச் சந்துக்குள்ள வாழாவெட்டியா உக்காரட்டும். ஒனக்கு அதுதான் வேணும்."

எங்கள் வீட்டில் அம்மா மூச்சை இழுத்துப் பிடித்தாள். அத்தை சத்தம் போடவில்லை. "செருப்போட கட்டில்ல உக்காந்திருக்கீங்க. எந்திரிங்க" என்றாள். அண்ணன் எழுந்து போகிற சத்தம் கேட்டது.

அதற்குப் பிறகு காரியம்தான். டிக்கெட்டை நான் போட்டேன். போலீசுக்கும் சொல்லச் சொல்லலாம் என்று நான் சொன்னபோது, "சொல்லட்டும். சொல்லிட்டு வரட்டும்" என்றாள் அத்தை. அவனுக்கு ராத்திரி வேலை வருகிற வாரத்துக்காகக் காத்திருந்தோம். மறுபடியும் வாஷிங் மெஷின் சத்தத்தோடு ஒரு போன் வந்தது. பாஸ்போர்ட் அவன் மேஜை டிராயரில் இருப்பதைப் பார்த்துவிட்டாளாம், சாவி எங்கே என்றும் தெரியுமாம். ஆனால் பெட்டி அலமாரி மேலே இருந்தது. இறக்கினால் தெரிந்துவிடும். பூட்டின கதவைத் தாண்டி ஜன்னல் வழியாகப் பெட்டியை எப்படி எடுப்பது என்று அழுதாள். கல்யாணத்துக்கு அத்தை தன் கையால் செய்து கொடுத்த பெட்டி அது. வெளித்துணி, லைனிங், ஜிப், எல்லாமே அவள் தைத்தது. மகள் பேரின் முதல் எழுத்தைக்கூட உள்ளே நூலால் போட்டிருந்தாள்.

"பெட்டிய விடு" என்றாள் அத்தை.

"அம்மா, ஒன் பெட்டிம்மா."

"விடுங்கேன்லா? ஒனக்கு நூறு பெட்டி நான் தைப்பேன். பெட்டியத் தூக்கிட்டுப் போனா எவனும் எங்க போறன்னு கேப்பான். காய்கறிப் பையத் தூக்கிட்டுப் போனா எவன் கேக்கான்? பாஸ்போர்ட்ட அடியில போடு. மேல ரெண்டு துணி. நட."

பெட்டிகளை வைத்தே பிழைத்தவள் சொன்ன சொல் இது. அன்றைக்குக் கடையை அடைத்துவிட்டு வந்தபோதுதான் அவள் உதடு துடித்ததைப் பார்த்தேன்.

மகள் கிளம்பிவிட்டாள். ஜன்னல் வழியாக இறங்கி, பஸ் பிடித்து, ஏர்போர்ட் போய், விமானத்தில் ஏறி உட்கார்ந்துவிட்டேன் என்று ஒரு மெசேஜ் வந்தது. அதற்குப் பிறகு போன் அடங்கிவிட்டது. மறுநாள் விடிந்து, சாலில் குழாய்த் தண்ணீர் வந்து, நாங்கள் குடங்களோடு நின்றுகொண்டிருந்தபோது அத்தையின் போன் அடித்தது. சிங்கப்பூரில் இருந்தாள். விமானம் மாறுகிற இடம்.

தேம்பித் தேம்பி அழுதாள். போனைத் திறந்ததும் அவனிடமிருந்தும் மாமாவிடமிருந்தும் வரிசையாக வந்து விழுந்திருந்தன. அவன் காலில் விழாத குறையாக மன்னிப்புக் கேட்கிறானாம், இனிமேல் தொடவே மாட்டானாம். இப்போதே திரும்பி வந்தால் யாருக்கும் தெரியாமல் முடித்துவிடலாமாம். பம்பாய்க்கு வந்தால் தன் வீட்டு வாசலை மிதிக்கக் கூடாது என்று மாமா சொல்லிவிட்டாராம்.

"அம்மா, இங்கருந்தே திரும்பிப் போயிரவாம்மா? நீ ஒரு ராத்திரின்ன. ராத்திரி பூரா பறந்தேன். இன்னும் வரல. இன்னும் எவ்வளவோ இருக்கு. பயமா இருக்கும்மா, எல்லாரும் என்னையே பாக்க மாதிரி இருக்கு."

வரிசையில் நின்ற பெண்கள் எல்லாரும் எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அத்தையின் குடம் நிரம்பி வழிந்தது. அவள் என் கையைப் பிடித்தாள். இத்தனை வருஷத்தில் முதல் தடவையாக அந்தக் கேள்வியைக் கேட்டாள்.

"ஏட்டி, சிங்கப்பூருக்கு எவ்வளவு தூரம்? நெசத்தச் சொல்லு."

"மூணுல ரெண்டு பங்கு வந்தாச்சு அத்தை. திரும்பிப் போறதுல பாதிகூட இல்ல, இங்க வாரது. எட்டாயிரத்துச் சொச்சம் அந்தப் பக்கம். நாலாயிரம்தான் இந்தப் பக்கம்."

அத்தை போனை வாயருகே வைத்துக்கொண்டாள். சந்து முழுக்கக் கேட்டது.

"கேட்டியா? அவன் எட்டாயிரத்துல கெடக்கான். நான் நாலாயிரத்துல நிக்கேன். எவன் பக்கம் ஒனக்கு? அழு, நல்லா அழு, அழுதுகிட்டே நட. ஒரு பய ஒன்னத் தடுக்க மாட்டான். ஒன் மாமன் வாசலு யாருக்கு வேணும்? எனக்கு வாசல் இல்லியா? அடுத்த பிளேன்ல ஏறி உக்காரு. பெல்ட்டப் போட்டுட்டு எனக்கு மெசேஜ் போடு. போட்டாத்தான் நான் குடத்த எடுப்பேன்."

வரிசையில் ஒரு பெண்ணும் தண்ணீர் வீணாகிறது என்று சொல்லவில்லை. ஒருத்திகூட அந்தக் குடத்தை நகர்த்திவிட்டுத் தன் குடத்தை வைக்கவில்லை. குழாய் நிற்கிற நேரத்தில்தான் மெசேஜ் வந்தது. பெல்ட் போட்டாச்சு என்று இருந்தது. அத்தையால் அதைப் படிக்க முடியவில்லை, கண்ணில் நீர். நான்தான் சத்தமாகப் படித்தேன். தண்ணீர் வரிசையில் ஒரு கிழவி கையைத் தட்டிவிட்டாள்.

மத்தியானம் ஏர்போர்ட்டில் அண்ணனும் வந்து நின்றார். வாசலை மிதிக்காதே என்றவர் காரோடு வந்திருந்தார். குரலைத் தாழ்த்தி அத்தையிடம், "திலக் நகருக்கே கூட்டிட்டுப் போறேன். ஒரு மாசம் வீட்டுக்குள்ளயே இருக்கட்டும். சும்மா பாத்துட்டுப் போவ வந்திருக்கான்னு சொல்லிக்கிடலாம். அதுக்குள்ள பேசிச் சரி பண்ணி அனுப்பிரலாம்" என்றார்.

மகள் வெளியே வந்தாள். கையில் ஒரே ஒரு துணிப்பை. நெற்றியில் முடியை இழுத்து விட்டிருந்தாள், அதற்குக் கீழே வீக்கம் தெரிந்தது. அத்தை ஓடவில்லை. நடந்து போய், அந்த முடியைக் காதுக்குப் பின்னால் ஒதுக்கிவிட்டாள். வீக்கம் நன்றாகத் தெரிந்தது. அப்படியே கையைப் பிடித்துக்கொண்டு அண்ணனின் காரைத் தாண்டிப் போய் ஒரு டாக்சியைக் கூப்பிட்டாள். "தாராவி" என்றாள். அண்ணனைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. நான்தான் பார்த்தேன். கார்ச் சாவியை விரலில் சுழற்றிக்கொண்டு அப்படியே நின்றார்.

வீட்டுக்குப் போகவில்லை. நேரே கடை. ஷட்டரைத் தூக்கி, வாடிக்கையாளர்கள் உட்காருகிற ஸ்டூலை எடுத்து, ரோட்டைப் பார்க்கிற மாதிரி முன்னால் போட்டாள். "உக்காரு" என்றாள். அவ்வளவு சனம் போகிற ரோடு. நான் பதறிப்போய், "உள்ள உக்காரட்டுமே அத்தை" என்றேன். "எதுக்கு உள்ள? அவ என்ன திருடிட்டா வந்திருக்கா?" என்று என் மேல் பாய்ந்தாள். ஹோட்டலிலிருந்து சாப்பாடு வரவழைத்தாள். அம்மாவும் மகளும் ரோட்டைப் பார்த்து உட்கார்ந்து சாப்பிட்டார்கள்.

முதலில் வந்தது எதிர்க்கடைக்காரர். வெளிநாட்டிலிருந்து வருகிற யாரையும் பார்த்து எங்கள் ஆட்கள் கேட்கிற அந்த ரெண்டு கேள்வியைத்தான் அவரும் கேட்டார். "அட, எப்ப வந்தம்மா? எப்ப போற?"

நான் அத்தையைப் பார்த்தேன். அவள் வாயைத் திறந்துவிட்டாள். என்ன வரப்போகிறதோ என்று எனக்கே பயமாக இருந்தது. மகள் சோற்றுக் கையோடே அம்மாவின் முழங்கால் மேல் இடது கையை வைத்து அழுத்தினாள். எதிர்க்கடைக்காரரை நிமிர்ந்து பார்த்தாள்.

"இப்பதான் வந்தேன் அண்ணாச்சி. போவல."

"போவலன்னா?"

"அடிச்சான். வந்துட்டேன். இனிமே போவ மாட்டேன்."

அவர் நெற்றியைப் பார்த்தார். தலையை ஆட்டிவிட்டுப் போய், கொஞ்ச நேரத்தில் ஐஸ் கட்டியைத் துணியில் சுற்றி அனுப்பினார். அத்தை கையைக் கழுவிவிட்டு ஒரு பெரிய சூட்கேஸைத் திறந்தாள். லைனிங் பார்க்கிற மாதிரி அதற்குள் தலையை விட்டுக்கொண்டாள். வெகுநேரம் தலையை வெளியே எடுக்கவில்லை. பெட்டி குலுங்கிக்கொண்டே இருந்தது.

சாயங்காலம் வரைக்கும் ஒருத்தர் மாற்றி ஒருத்தர் வந்து அதே கேள்வியைக் கேட்டார்கள். ஒவ்வொருத்தருக்கும் மகள் அதே பதிலைச் சொன்னாள். ஒவ்வொரு தடவையும் முன்னைவிடக் கொஞ்சம் சத்தமாகச் சொன்னாள்.